கட்டளைச் சொல்லும் அதிகாரியின் மொழியும்

குருசுக்குப்பத்துக் கடலோரத்தில் ஓடிப் பழக இன்று மணலில்லை. கடலரிப்புக்கு அஞ்சிக் கொட்டிய கருங்கற்களே உள்ளன. படையில் சேர விரும்பும் அவ்வூர் இளைஞர்கள் விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்கு வந்து ஓடுகிறார்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்தியரின் நினைவுச் சின்னம் அவர்கள் ஓடும் வழியில்தான் நிற்கிறது. 'சொல்தா' என்ற சொல் புதுச்சேரித் தமிழுக்கு அந்நியமன்று. நம்மவர் சிப்பாயானது பழங்கதை. அதிகாரியாவதைப் பற்றியே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கல்லூரி மாணவர்க்குப் படைப்பயிற்சி தரும் ஏற்பாடு இந்நாட்டில் முதல் உலகப்போர்க் காலத்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் பல்கலைக்கழகப் படைப்பிரிவுகள் தோன்றின. கல்கத்தாவில் அவ்வாறு பயின்ற மாணவர்களுள் சுபாஷ் சந்திர போசும் ஒருவர். 1920க்குப் பின் அது 'பல்கலைக்கழகப் பயிற்சிப் படை' ஆயிற்று. 1942இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, 'பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை' என்று பெயர் மாறியது. விடுதலைக்குப்பின் குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையை ஏற்று 1948இல் தேசிய மாணவர் படை அமைக்கப்பட்டது.

அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டே, சீனப்போர் தந்த அதிர்ச்சியில், நாடெங்கும் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அக்கட்டாயம் நீங்கியது.

அதே 1968இல், ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராயிருந்த தமிழகச் சட்டமன்றம் இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும், நடுவணரசு இசையாவிடில் படையையே கலைத்துவிடலாம் என்பதும் அதில் அடங்கும். தன்மானம் மிக்க அக்குரலை நாம் மதிக்கிறோம். ஆயினும் 'சாவ்தான்', 'விஸ்ராம்' போன்ற சொற்கள் ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடியவை. நம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் மொழிச்சுவர் வேறிடத்தில் இருக்கிறது.

மாணவர் படையின் 'சி' சான்றிதழைத் தக்க தரத்தில் பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வின்றியே அதிகாரித் தேர்வு வாரியத்தின்முன் செல்லலாம். அங்கு ஐந்து நாள் சோதனை. படம் பார்த்துக் கதை எழுத வேண்டும். குழுவில் வாதிட வேண்டும். தன் திட்டத்தைப் பிறர் ஏற்குமாறு விளக்க வேண்டும். ஆங்கிலமே அங்குப் பெரிதும் புழங்குமொழி. அலையின் போக்கறிந்து படகைத் திருப்பவும், உடனிருப்போரை அதட்டி வேலை வாங்கவும் அறிந்த குப்பத்து இளைஞன் அந்த அறையில் வாயடைத்துப் போகிறான். அதிகாரிகள் பயிற்சிக் கழகமோ பரங்கிமலையில், இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில், 1963 முதல் இயங்கி வருகிறது.

தேர்வில் தாய்மொழிக்கு இடம் கேட்பது நியாயமே, கேட்க வேண்டும். ஆனால் பழியனைத்தையும் தில்லிமேல் போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலுமா? மூன்றாண்டு பட்டப்படிப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று தன் கருத்தை ஐந்து நிமிடம் தொடர்ந்து சொல்லும் வாய்ப்பை எந்த வகுப்பில் பெறுகிறான்? தமிழ் வகுப்பிலும் நாம் குறிப்புச் சொல்கிறோம்; அவன் எழுதிக்கொள்கிறான். தமிழிலேயே வாதிட்டுப் பழகாதவனிடம் ஆங்கிலத்தில் மட்டும் வாதத்திறன் எங்ஙனம் வரும்? இருபதாண்டுகளுக்குமேல் புறநானூறு நடத்தியிருக்கிறோம், கையறுநிலையை விளக்கியிருக்கிறோம். அம்மன்னனின் போர் முறையானதா என்று ஒரு மாணவனையும் நாம் கேட்டதில்லை.

மாணவர் படையைப் பொறுப்பேற்று நடத்துவோர் சீருடையணிந்த ஆசிரியர்களே. அணிவகுப்பு அவர்கள் பொறுப்பு. பேச்சும் வாதமும் எஞ்சிய நம் அனைவர் பொறுப்பு. வாரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கப் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையில்லை. குறிப்பேட்டை மூடிவைக்க நமக்கு மனம் வேண்டும், அவ்வளவே.