எண்ணம், நாலெழுத்து

சலூனில் நம் முறை வரும்வரை கையில் கிடைக்கும் பழைய வார இதழில், யாரோ பாதி நிரப்பிவிட்டுப் போன குறுக்கெழுத்து ஒன்று எப்போதும் இருக்கும். போன மாதம் எனக்குக் கிடைத்ததில் இடமிருந்து வலம் 7 காலியாக இருந்தது. குறிப்பு: ‘எண்ணம் (4)’. நான் ‘கருத்து’ என்றேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “சிந்தனை, தம்பி” என்றார். கத்தரியை நிறுத்தாமலே கடைக்காரர், “நினைப்புகூட நாலுதாண்ணே” என்றார்.

மூன்றுமே கட்டத்தில் கச்சிதமாக உட்காரும். இதில் எது சரி? விடை அடுத்த இதழில். அந்த இதழ் கடையில் இல்லை.

இதை ஒரு தமாஷாகச் சொல்லி விட்டுவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. யோசிப்பது பற்றிய ஒரு கேள்வி, யோசிப்பதற்கு இடமே தராமல் நம்மைக் காத்திருக்கச் சொல்கிறது. மேலிருந்து கீழ் வரும் ஏதாவது ஒரு சினிமா நடிகர் பெயர் ஓர் எழுத்தைத் தானம் செய்தால்தான் ‘எண்ணம்’ என்னவென்று நமக்குத் தெரியும். அதுவரை பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதன் பெயர் மூளைக்கு வேலையாம்!

முதல் குற்றச்சாட்டு மொழி சார்ந்தது. எண்ணம், கருத்து, சிந்தனை, நினைப்பு, யோசனை எல்லாம் ஒன்று என்று இந்தக் கட்டங்கள் வாராவாரம் பாடம் எடுக்கின்றன. உண்மையில் ஒன்றா? “அவனுக்குப் பெரிய நெனப்பு” என்பதை “அவனுக்குப் பெரிய சிந்தனை” என்று மாற்றிப் பாருங்கள், வசவு பாராட்டாகிவிடும். “யோசனையா இருக்கு” என்றால் தயக்கம். “ஒரு யோசனை சொல்லு” என்றால் வழி. கருத்து என்பது சொல்லிமுடித்த விஷயம், சிந்தனை இன்னும் முடியாதது. ஒரு வரியில் கருத்துப் போட்டுவிட்டுச் சிந்தித்துவிட்டதாக நம்பும் காலத்தில், இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நமக்கு மிச்சமிருக்கும் சொத்து. அதையும் ஒரு சமக்குறி போட்டு மூடுகிறார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது. வெறும் ஒருபொருட்சொல் கேட்கும் குறிப்பில், விடை சரியா என்று நீங்களே சோதிக்க வழியில்லை. கட்டம் அமைத்தவர் நினைத்ததுதான் சரி. நீங்கள் அவர் மனதை ஊகிக்க வேண்டும், பிறகு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் செய்ததே போதாதா?

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தின் குறிப்புகளும் பெரும்பாலும் இப்படி நேரடியானவைதான். ஆங்கிலக் கட்டங்களில் ‘ஐடியா’ என்ற சொல் அலுக்கும் அளவுக்கு வருவதற்குக் காரணம்கூடச் சிந்தனை மீதான மரியாதை அல்ல. நான்கு எழுத்தில் மூன்று உயிரெழுத்து. கட்டம் நிரப்ப வசதி, அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தில் 1920-களிலேயே டார்க்கமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் குறிப்பையே புதிராக்கினார். பின்னால் வந்த சிமெனிஸ் அதற்கு நேர்மையின் விதிகளை வகுத்தார்: குறிப்பில் விடையின் பொருள் இருக்க வேண்டும், விடையைக் கட்டும் வழியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சந்தித்தால் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாட்சியம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

தமிழில் முடியாதா? முயன்று பார்ப்போம். ‘இலக்கத்துக்குப் பின் தலையிழந்த பணம், மனதில் தோன்றும் (4)’. எண், பிறகு ‘ப’ போன பணம்: எண்ணம். ‘கழுத்தில் ஓரெழுத்து மாற, கூட்டத்தில் ஆளாளுக்குச் சொல்வது (4)’: கருத்து. ‘நிந்தனைக்கு வேறு தலை வைத்தால் தத்துவவாதியின் தொழில் (4)’: சிந்தனை. ‘மனதில் ஓடும், அந்தக் காலத்தில் தூரத்தையும் அளக்கும் (3)’: யோசனை. சலூனில் நடந்த சண்டைக்கு இங்கே இடமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை; அதை நிரூபிக்கவும் முடியும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு” என்பார்கள். அப்படியா? தண்டியலங்காரம் பட்டியலிடும் சித்திரகவிகளைப் பாருங்கள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் செய்தால் எழுத்து வருத்தனம். குறைத்துக்கொண்டே போனால் அக்கரச் சுதகம். சில கேள்விகளின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கினால் வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்தால் கரந்துறைச் செய்யுள். இவை அப்படியே இன்றைய புதிர்க் குறிப்பின் உத்திகள். பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடைத்த காளமேகத்தின் ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘எண்ணம் (4)’ என்று எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கட்டம் அமைப்பவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ‘குழம்பிவிட்டது’, ‘வால் இல்லை’, ‘திரும்பிவிட்டார்’ என்றெல்லாம் குறிப்பின் ஓரத்தில் போடுகிறார்களே, அது என்ன? கலைப்பதும் வெட்டுவதும் திருப்பும் அதே உத்திகள்தான். கட்டத்தில் சொல் உட்காராதபோது சமாளிக்கப் பயன்படுத்துகிறார்கள். விளையாட்டின் உயிராக இருக்க வேண்டியதை ஒட்டுப்போட வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பும் வரும்: “பொழுதுபோக்குக்குப் போடுகிற பெரியவர்களை ஏன்யா பயமுறுத்துறே? இது படித்தவர்களின் மேட்டிமைத்தனம்.” இதில் பாதி நியாயம் இருக்கிறது. புதிர்க் குறிப்பு எழுதுபவர்கள் சிலர், யாருக்கும் புரியாமல் எழுதுவதையே சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் பெரியவர்களுக்குப் புதிர் புரியாது என்பது அவர்களை அவமதிப்பது. என் பாட்டிக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் பத்து விடுகதை போட்டு எங்களை மடக்குவார். விடை தெரிந்ததும் “அட, ஆமால்ல!” என்போம். அந்த ‘ஆமால்ல’தான் நிரூபணம்.

உத்தியே பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘பெரிய ...தான் உனக்கு! (4)’ என்று போடுங்கள். பள்ளிப் பையன்கூட ‘நினைப்பு’ என்று எழுதுவான். கருத்து என்றோ சிந்தனை என்றோ எழுதமாட்டான், ஏனென்றால் அவன் காது ஒத்துக்கொள்ளாது. குறிப்பு சுலபமாக இருப்பது தப்பே இல்லை, சோம்பலாக இருப்பதுதான் தப்பு.

எனவே இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கைபேசியில் விடை தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நீங்களே ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல்லைப் பிரித்து, தலையை வெட்டி, பக்கத்து வீட்டுச் சொல்லோடு அதற்கு என்ன சண்டை என்று விசாரிக்க வேண்டிவரும். முடிக்கும்போது அந்தச் சொல்லை முதன்முறையாகப் பார்த்தது போலிருக்கும்.

சலூனில் அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விட்டுவிட்டு வந்தேன். தெரியாததால் அல்ல. மூன்று பேரும் சரியாகச் சொல்லியிருந்தோம், கேள்விதான் தப்பு.