தாலாட்டைக் காப்பாற்றினேன்!

எங்கள் மேகமலையில் ஆடி மாதம் பீரோவுக்குள்ளும் ஈரம்தான். 2005-ல் மகனைத் தொட்டிலில் போட்டபோது எடுத்த வீடியோ காஸெட்டைப் பார்த்தால், நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை! மாமியார் பாடிய தாலாட்டு அதில்தான் இருக்கிறது. அவர் இன்று இல்லை.

பூஞ்சை பிடித்த காஸெட்டை டெக்கில் போட்டுவிடாதீர்கள், டெக்கும் கெடும். சின்னமனூரில் கொடுத்து, துடைத்து, பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். அதை டி.வி.டி.யாக்கியது நானேதான். டிஸ்க்கை 'எரிப்பது' என்கிறார்களே, அடுப்பு வேலை இல்லை சகோதரிகளே! தட்டிலுள்ள சாயப் பூச்சில் லேசர் புள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். இப்போதைய லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இருக்காது, யு.எஸ்.பி. ரைட்டர் தனியாக வேண்டும்.

முதல் தட்டு பழைய பிளேயரில் ஓடவேயில்லை. "அத்தை, ஃபைலை அப்படியே போட்டா அதுக்குப் புரியாது. டி.வி.டி. வீடியோவா மாத்திப் போடணும்" என்றாள் நாத்தனார் மகள். 4.7 ஜி.பி. தட்டில் சுமார் 2 மணி நேரம் கொள்ளும். மெதுவான வேகத்தில் பதிந்தேன், ஓடியது! மேலே பால்பாயின்ட் பேனாவால் கீறாமல், டிஸ்க்குக்கான மார்க்கரால் தேதி எழுதினேன்.

வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். அதனால் பென்டிரைவையும் அழிக்கவில்லை. இன்னொரு தட்டு தேனியில் நாத்தனார் வீட்டில். அங்கே இவ்வளவு ஈரம் கிடையாது.