எந்தக் கையால் சோறு பிசைவது?

கை என்றால் ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையும்தானா? சோறு பிசைவது கை. குழந்தைக்குத் தலை வாருவது கை. கும்பிடுவது கை. கூலி வாங்கித் தருவதும் கைதான். அந்தக் கையில் அடிபட்டால், இழப்பு எவ்வளவு என்று அளப்பது எப்படி?

மலையில் ஒரு பெண்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக வேண்டும். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு 'நாடு'. அந்த நாடுகளில் ஒன்று திருப்புலி நாடு.

அங்கே ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரிவாள் பட்டதால் அவளுடைய வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க, ஒரு வினாத்தாளை எடுக்கிறார்கள்.

"ஏம்மா, இறுக மூடிய ஜாடியைத் திறக்க முடிகிறதா?"

"எங்க வீட்டுல ஜாடி இல்லீங்களே."

"சாப்பாட்டைக் கத்தியால் வெட்ட முடிகிறதா?"

"நாங்க கையாலதானுங்க சாப்பிடறோம்."

"சீட்டாட்டம்? கம்பளிப் பின்னல்?"

அவள் சிரித்துவிடுவாள்.

இந்தப் பெண் கற்பனை. கேள்விகள் கற்பனை அல்ல. அமெரிக்க, கனடா நிபுணர்கள் 1996-ல் 'டேஷ்' என்ற வினாத்தாளை வெளியிட்டார்கள். கை நோயாளிகளுக்காக உலகின் பல நாடுகளில் அது பயன்படுகிறது. அதில் 30 கேள்விகள். மேலே கண்ட கேள்விகள் அதன் மூல வடிவில் இருக்கின்றன. கோல்ப், டென்னிஸ் ஆட்டங்களும் உண்டு!

ஒரு வேலையை அந்த வாரம் செய்யவில்லை என்றால், உத்தேசமாகப் பதில் சொல்லலாம் என்கிறது அந்தத் தாள். வாழ்நாளிலேயே செய்யாத வேலைக்கு உத்தேசம் ஏது? "சிரமம் இல்லை" என்று சொல்லிவிட்டால், கை தேறிவிட்டதாகக் கணக்கு வரும். பதில் சொல்லாமல் விட்டாலோ, மூன்று கேள்விகளுக்கு மேல் விடுபட்டால் கணக்கே போட முடியாது.

கேட்காத கேள்விகள்

அவளிடம் கேட்க வேண்டியவை வேறு. களி கிண்ட முடிகிறதா? மரவள்ளிக் கிழங்கு உரிக்க முடிகிறதா? மிளகு பறிக்க? சேலைக்குக் கொசுவம் வைக்க? மகளுக்குச் சடை பின்ன? சாமை குத்த உலக்கை பிடிக்க முடிகிறதா? இயந்திரம் வந்துவிட்ட ஊரில் உலக்கைக்கு வேலை இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எந்தக் கையால் செய்தாலும் சரி, செய்ய முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறது அந்தத் தாள். நம் வீடுகளில் அது பொருந்துமா? சோற்றுக்கு வலது கை. கால் கழுவ இடது கை. வலது கை மடங்காதவள் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடலாம். தாளில் "முடிகிறது" என்று விழும். ஆனால் கல்யாணப் பந்தியில் அவள் உட்காருவாளா? கோவிலில் திருநீறு வாங்க இடது கையை நீட்டுவாளா?

வேலூர் கற்ற பாடம்

கொல்லிமலையில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒரு டாக்டருக்கு இது தெரிந்திருந்தது. அவர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். குணமான ஒருவர் திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? விரல் நிமிர்ந்ததால் பிச்சை கிடைக்கவில்லை, நோய் கண்டவர் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை என்றார். கையை நிமிர்த்தினால் மட்டும் போதாது என்பது பிராண்டுக்குப் புரிந்தது. கிராமம் போலவே ஒரு குடியிருப்பை அமைத்து, அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலை போன்ற தொழில்களைப் பழக்கினார்கள்.

சட்டமும் சொன்னது

1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஒரு கை போனால் 60 சதவீதம் என்று பட்டியல் போட்டது. ஒரிசாவில் ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே வெட்டப்பட்டது. இது பகுதி இழப்புதான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சு வேலை நடக்குமா? அது முழு இழப்பே என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2010-ல் மற்றொரு வழக்கில், இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போய்விடலாம், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று விளக்கியது.

நீதிபதிகள் தொழிலைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகள் வீட்டையும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது

பொது வினாத்தாளே வேண்டாம் என்பதல்ல. வேலூர் நோயாளியையும் வெளிநாட்டு நோயாளியையும் ஒப்பிட, ஒரே அளவுகோல் தேவைதான். ஆனால் வார்த்தையை மட்டும் தமிழாக்கினால் போதாது, வேலையையும் தமிழாக்க வேண்டும். கனடாவில் பிறந்த வேறொரு முறையில், தனக்கு முக்கியமான ஐந்து வேலைகளை நோயாளியே சொல்கிறார். அவற்றை எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று அவரே மதிப்பெண்ணும் போடுகிறார். அந்த முறையை நம் ஆஸ்பத்திரிகளிலும் கடைப்பிடிக்கலாம்.

ஒரு செம்பு, ஓர் அரிவாள்மணை, ஒரு சேலை, ஒரு தட்டுச் சோறு. கையைச் சோதிக்க இவை போதும். செலவு அதிகமில்லை. கேள்வியை அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். கூட வந்த கணவனுக்கு எத்தனை கொசுவம் என்று தெரியுமா?

நோயாளிகளும் வாய் திறக்க வேண்டும். "கை எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். "சோறு பிசைய முடியவில்லை, சடை பின்ன முடியவில்லை" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் டாக்டர் அதற்கேற்ற பயிற்சி கொடுக்க முடியும்.