வீட்டுக் கணிப்பொறிக்கு எந்தக் கத்தரிக்கோல்?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் நினைத்தேன். காதல் கவிதையும் விடுதிச் சாம்பார் கவிதையும் எப்படியும் பத்துப் பன்னிரண்டு வந்து சேர்ந்துவிடும். அதனால் நம்ம வகுப்பில் நிஜமாகவே நடக்கிற ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். எடிட்டிங் பழக வீட்டுக் கணிப்பொறியில் எந்த சாஃப்ட்வேர் போடுவது?

"பிரீமியர் புரோ இல்லாட்டி அதெல்லாம் எடிட்டிங்கே இல்லடா" என்பது விடுதியின் தீர்ப்பு. தீர்ப்போடு ஒரு பென்டிரைவும் கைக்கு வரும். உள்ளே கிராக் செய்த பிரீமியர் இருக்கும். இந்தத் தீர்ப்பு நமக்குச் சரிப்படாது என்பது என் கருத்து.

முதலில் பெட்டியைப் பார்க்க வேண்டாமா? எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்ட் ஐ3 டெஸ்க்டாப். ராம் 8 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கித் தந்தது. தவணை இன்னும் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அந்த மவுசைத் தொடுவார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதானே? யூடியூபில் சாஃப்ட்வேருக்கு மார்க் போடுகிறவர்களின் மேசையில் இருக்கும் மிஷின் வேறு, நம்முடையது வேறு. அவர்கள் மார்க் நமக்கு எதற்கு?

நம்ம பெட்டி ஏன் திணறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. போன் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. எச்.264, எச்.265 முறைகளில் எப்போதாவது ஒரு முழு ஃபிரேம் இருக்கும். அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெரும்பாலும் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். பால்காரர் நோட்டில் "நேற்றைவிட அரை லிட்டர் கூட" என்றே எழுதிக்கொண்டு போனால், இருபதாம் தேதி எவ்வளவு வாங்கினோம் என்று தெரிய முதல் தேதியிலிருந்து கூட்ட வேண்டுமல்லவா? அதே கதிதான். படம் பார்க்கும்போது வரிசையாகப் போவதால் சிரமமில்லை. எடிட் செய்யும்போது முன்னும் பின்னும் தாவுகிறோம், ஒவ்வொரு தாவலுக்கும் பாவம் அந்த ஐ3 உட்கார்ந்து கூட்டுகிறது. அதிலும் 4கே என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1080-ல் எடுத்தால் அதில் நாலில் ஒரு பங்கு. கல்யாண வீட்டுக்காரர் போனில்தான் பார்க்கப் போகிறார் என்றால் 4கே யாருக்காக?

இதற்கு மருந்து பிராக்ஸி. பெரிய கோப்புக்குப் பதில் ஒரு சின்ன நகலை வைத்து வெட்டி ஒட்டுவது. கடைசியில் ரெண்டர் பண்ணும்போது சாஃப்ட்வேரே அசலை எடுத்துக்கொள்ளும். ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி "இதில் எத்தனை எஃபெக்ட் இருக்கு?" என்பது அல்ல. பிராக்ஸி இருக்கா, என் 8 ஜிபியில் ஓடுமா, காசு எவ்வளவு, தமிழ் ஒழுங்காக வருமா என்பதுதான்.

கேடிஇன்லைவ், ஷாட்கட் இரண்டும் இதில் தேறுகின்றன. இரண்டுமே சுதந்திர மென்பொருள். காசு கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கேடிஇன்லைவில் பல டிராக் வைத்து வேலை செய்வது வசதி. ஷாட்கட்டில் முதல் நாள் கொஞ்சம் முழிக்க வேண்டியிருக்கும். ஆனால் போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கி, பேச்சும் உதடும் விலகிப் போகுமே, அப்படிப்பட்ட கோப்பைப் போட்டால் மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். நம்ம ஊர் போன்களுக்கு அது பெரிய உபகாரம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு அருமையானது, கலர் வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறவர்கள் போடட்டும். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்து, நம்ம பழைய மிஷின்களில் பலது 11-க்கு ஏற முடியாமல் நிற்பதால் இதைச் சொல்கிறேன்.

தமிழ் விஷயத்தை யாரும் பேசுவதில்லை. டைட்டிலில் "பொங்கல்" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி போட்ட வட்டம் என்று சிதறினால் அந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் யூனிகோட் சேர்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால்தான் பல ஸ்டூடியோக்களில் இன்னும் பழைய ஃபான்ட்டை வைத்து மாரடிக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டிலும் எழுத்து ஒழுங்காகவே வருகிறது. தாய்மாமன் பேரைத் தப்பாகப் போட்ட காதுகுத்து வீடியோவுக்கு எவன் காசு தருவான்?

இனி அந்தப் பென்டிரைவ். அடோபி 2013-லிருந்து சந்தா முறைக்குப் போய்விட்டது. மாதாமாதம் கட்ட நம்மால் முடியாது, வாஸ்தவம். ஆனால் கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை நிறுத்தவும்" என்கிறது. "நாயைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறங்க, நான் நல்லவன்தான்" என்று ராத்திரியில் ஒருத்தன் சொன்னால் திறப்பீர்களா? ஸ்டாப் என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியதே பெரும்பாலும் இப்படிப்பட்ட கோப்புகள் வழியாகத்தான். விடுதியில் ஒரு அண்ணனின் புராஜெக்ட் ரிப்போர்ட், தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாமே ஒரே ராத்திரியில் திறக்க முடியாத கோப்புகளாகிப் போனதைப் பலரும் அறிவீர்கள். சட்டமும் சும்மா இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம். நாம்தான் சனி ஞாயிறில் காசு வாங்கி வேலை செய்கிறோமே!

"ஸ்டூடியோவில் பிரீமியர்தானே கேட்கிறான்?" என்பீர்கள். கேட்கிறான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே வெட்டுவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்', ஆப்பிள் 2011-லேயே கைவிட்ட ஃபைனல் கட் புரோ 7-ல் வெட்டப்பட்டது. 2025-ல் அனிமேஷன் ஆஸ்கார் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' உருவானது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில். டைம்லைன், டிராக், கீஃபிரேம் எல்லாம் எங்கும் ஒன்றுதான். ஷார்ட்கட் கீ மாறும், பழகிக்கொள்ளலாம். ஓட்டப் பழகியவனுக்கு டிவிஎஸ் ஆனால் என்ன, ஹீரோ ஆனால் என்ன?

ஒரு கோரிக்கை. வீட்டில் கணிப்பொறியே இல்லாத நண்பர்கள் நம்மில் நிறைய. நம்ம லேபில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மிஷின்கள் சும்மா தூங்குகின்றன. ஷாட்கட்டை இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவிலிருந்து ஓட்ட முடியும்; லேப் மிஷினில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமை மூன்று மணி நேரம் லேபைத் திறந்து வைக்கச் சொல்லிப் பேரவை முதல்வர் ஐயாவிடம் ஒரு மனு கொடுக்கட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.