நோயுற்ற நாய்க்கும் நீர் கொடுப்பது நம் பொறுப்பே

காவிரிப் படுகையின் முஸ்லிம் ஊர்களில் நாய் வளர்ப்போர் குறைவு. ஆயினும் வயலும் மாடும் உள்ள சில குடும்பங்களில் களத்தையும் கொட்டகையையும் காக்க ஒரு நாய் இருக்கிறது. வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. அந்த நாய் நலமாய் உள்ளவரை யாருக்கும் தயக்கமில்லை. அது நோயுற்றுச் சுருண்டு படுத்ததும் 'நஜீஸ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். இந்த ஒதுங்கலை மார்க்கம் நமக்குக் கற்பிக்கவில்லை.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்டு, மீண்டும் கிணற்றில் இறங்கி, தம் தோல் காலுறையில் நீர் முகந்து, அதை வாயால் கவ்வியபடி மேலேறி வந்து புகட்டிய மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அச்செயலை ஏற்று அல்லாஹ் அவரை மன்னித்தான். விலங்குகளுக்கு உதவுவதிலும் நன்மை உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற பொருளில் நபியவர்கள் விடையளித்தார்கள்.

தூய்மைச் சட்டம் இதற்குத் தடையன்று. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபிலும் அதன் எச்சில் நஜீஸே. தொட்டபின் எப்படித் தூய்மை பெறுவது என்பதைத்தான் இச்சட்டங்கள் சொல்கின்றன; தாகத்தில் விட்டுவிடச் சொல்லவில்லை. தனிக் கிண்ணம், கையுறை, வேலைக்கென ஓர் உடை ஆகியவை இருந்தால் தொழுகைக்கும் இடையூறில்லை.

ஆனால் இரக்கத்தோடு அறிவும் வேண்டும். எச்சில் வடிய, தாடை தொங்க, குரல் மாறி, விழுங்க இயலாமல் தவிக்கும் நாய்க்கு வெறிநோய் இருக்கக்கூடும். அதன் வாயருகே கை கொண்டுபோகலாகாது. கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

குட்டிகளைப் பெரிதும் தாக்குவது பார்வோ வைரஸ். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் உடல்நீரை வற்றச்செய்து, இரண்டு மூன்று நாள்களில் உயிரைப் பறிக்கக்கூடும். தோள்பட்டைத் தோலை மெல்லத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். படியாமல் நின்றாலோ, கண்கள் குழிந்தாலோ நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

நலமான நாய்க்கே நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி நீர் தேவை. பத்துக் கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு மேல். நோயில் இன்னும் கூடும். அதற்காகக் கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுக்கும். வாந்தி நின்று ஓரிரு மணி நேரம் கழித்து, பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு ஒரு முறை சில தேக்கரண்டி கொடுப்பதே முறை. தானாகக் குடிக்காவிட்டால் ஊசி நீக்கிய சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். தலையை அண்ணாக்கப் பிடித்து ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். சோர்ந்து நினைவிழந்த நாய்க்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது.

உப்பில்லாத நொய்க்கஞ்சித் தெளிவு நல்லது. ஓ.ஆர்.எஸ். கரைசலை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். பால் கழிச்சலைக் கூட்டும். வீட்டு ஆணமும் மீந்த நோன்புக் கஞ்சியும் ஆகா. அவற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வாந்தி நிற்காவிட்டாலோ, கழிச்சலில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. அப்போது நரம்பு வழியாக நீர் ஏற்றினால்தான் உயிர் பிழைக்கும். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி உரிய தவணைகளை முடித்திருந்தால் இத்துயரைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

ஜும்ஆ நாள்தோறும் நாம் ஓதும் ஸூரத்துல் கஹ்ஃபில், குகைவாசிகளின் வாயிலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான். நம் வாயிலில் காவல் கிடந்த உயிர் நோயில் விழும்போது, நாவறண்டு சாக விடுவது நமக்கு அழகன்று. வாயில்லா உயிர்கள்மீது இரங்கும் உள்ளத்தை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.