பெத்தவங்களை ஓட்டல்ல தங்க வைக்கலாமா?

போன மாசம் ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணினாங்க. நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. எடுத்ததுமே, "ஏல, அண்ணனையும் மதினியையும் லாட்ஜுல கொண்டு போட்டுட்டியாமே, நெசமா?"ன்னு கேட்டாங்க.

நெசம்தான். லாட்ஜ் இல்லை, பிசினஸ் ஓட்டல். ஆனா அம்பாசமுத்திரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

விஷயம் இதுதாங்க. மகளுக்கு முதல் பிறந்த நாள். எங்க அப்பா அம்மா, தங்கமணியோட அப்பா அம்மா, நாலு பேரும் மும்பை வந்தாங்க. எங்க வீடு அந்தேரி கிழக்குல, மரோல் பக்கம். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரே ஒரு பாத்ரூம். அதுக்கும் பெட்ரூம் வழியாத்தான் போகணும். மும்பையில குடும்பம் நடத்தறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

அதனால பத்து நிமிஷ நடை தூரத்துல ஒரு ஓட்டல்ல ரெண்டு ரூம் போட்டேன். ஏர்போர்ட் பக்கம்ங்கறதால எங்க ஏரியாவுல இந்த மாதிரி ஓட்டல் நிறைய. ஒரு ரூம் வாடகை 3,800 ரூபாய். 7,500 ரூபாய்க்குள்ள இருக்கற ரூமுக்கு முன்னாடி 12 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதமாக் குறைச்சுட்டாங்க. ஆக ஒரு ரூமுக்கு 3,990. ரெண்டு ரூம், நாலு ராத்திரி, மொத்தம் 31,920. சின்னத் தொகை இல்லை. அப்பா கேட்டப்போ, "ஆயிரத்து இருநூறுதாம்ப்பா, காலைச் சாப்பாடும் சேர்த்து"ன்னு வாய் கூசாம சொன்னேன்.

இந்த வகை ஓட்டல் நம்ம நாட்டுக்குக் கொஞ்சம் புதுசு. 2004ல டாடா குழுமம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல 'இண்டிஒன்'னு ஆரம்பிச்சாங்க. அதுதான் பிறகு 'ஜிஞ்சர்' ஆச்சு. ராத்திரி பெட்டியோட வந்து, படுத்து எந்திரிச்சு, காலைல மீட்டிங் ஓடற ஒத்தை ஆளை மனசுல வச்சுக் கட்டற ரூம்கள் இவை. எழுபத்திரண்டு வயசு அப்பா அந்தக் கணக்குலயே இல்லை.

அது முதல் நாளே தெரிஞ்சு போச்சு. ரயில் காலைல வந்துருச்சு, ரூம் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான். போனா அடுத்த பிரச்சினை. நான் என் பேர்ல புக் பண்ணியிருந்தேன், என் ஆதார்ல மும்பை விலாசம். "லோக்கல் ஐடிக்கு ரூம் கிடையாது"ன்னுட்டான் கவுண்டர்ல இருந்த பையன். அரை மணி நேரம் இந்தியில சண்டை போட்டு, புக்கிங்கை அப்பா பேருக்கும் மாமா பேருக்கும் மாத்தினேன். அவ்வளவு நேரமும் அப்பா சோபா நுனியில உக்காந்துகிட்டு, "வேண்டாம்யா, வீட்டுக்கே போயிருவோம்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

பாத்ரூம்ல வாளியும் இல்லை, கப்பும் இல்லை. கேட்டதும் கொண்டு வந்தாங்க, அதைச் சொல்லணும். சாவிக்குப் பதிலா அட்டை. அதை உள்ளேயே வச்சுக் கதவைச் சாத்திட்டு அம்மா ரெண்டு தடவை வெளியில நின்னாங்க. அப்பா எந்திரிக்கறது நாலரை மணிக்கு. ரூம்ல இருந்த காபித்தூள் பாக்கெட்டையும் பால் பவுடரையும் கலக்கிக் குடிச்சுப் பார்த்துட்டு, "இதுக்கு வெந்நியே குடிக்கலாம்"னாங்க.

மூணாம் நாள் காலைல போனேன். மேசையில ரெண்டு தண்ணி பாட்டிலும் காலி. "ராத்திரி தண்ணி குடிச்சீங்களாப்பா?"ன்னு சும்மாதான் கேட்டேன். அம்மா பதில் சொன்னாங்க: "இங்க குடிக்காங்க. உன் வீட்டுலதான் ஆறு மணிக்கு மேல ஒரு சொட்டு தொட மாட்டாங்க."

எனக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அப்பாவுக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும். மே மாசம் வந்திருந்தப்போ ஹால்ல படுத்திருந்தாங்க. பாத்ரூம் போகணும்னா எங்க பெட்ரூம் கதவைத் தட்டணும், பிள்ளை முழிச்சுக்கும். மருமக சங்கடப்படுவா. அதனால அந்த வாரம் முழுக்க, மும்பை மே மாசப் புழுக்கத்துல, சாயங்காலத்தோட தண்ணியை நிறுத்தியிருக்காங்க. நானும் தங்கமணியும், "அப்பாவுக்குத் தண்ணி குடிக்கற பழக்கமே இல்லை, உடம்புக்கு நல்லதில்லை"ன்னு அவங்களுக்கே புத்தி சொல்லியிருக்கோம்!

'கூழோ கஞ்சியோ நம்ம வீட்டுல ஒண்ணா இருக்கணும்'னு பேசறது நமக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர்ல திண்ணை, முற்றம், கொல்லைப்புறம் இருந்த வீட்டுக்கு அது சரி. நானூறு சதுர அடியில நெருக்கிப் படுக்கறதுக்கு விலையைக் கொடுக்கறது பெரும்பாலும் பெரியவங்கதான். அதை வெளியில சொல்லவும் மாட்டாங்க.

அதுக்காக ஓட்டல்தான் எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல வரலை. அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பேத்தியை விட்டுட்டுக் கிளம்பணும். "இவ்வளவு தூரம் வந்துட்டு, பிள்ளை ராத்திரி அழுதா எடுக்கக்கூட முடியலையே"ன்னாங்க. எங்கிட்ட பதில் இல்லை. கடைசி ராத்திரி அம்மா எங்க வீட்டுல பேத்தி பக்கத்துல படுத்தாங்க. அப்பா ரூம்ல.

என் கருத்து இதுதான். ஓட்டல் ராத்திரிக்கு மட்டும். பகல் முழுக்க வீட்டுல இருக்கணும். நடந்து போற தூரத்துல இருக்கணும். பெத்தவங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு ரூம் போட்டா, சித்தப்பா திட்டறது நூத்துக்கு நூறு சரி.

போடறவங்களுக்கு என் அனுபவத்துல சில விஷயம். தங்கறவங்க பேர்லயே புக் பண்ணுங்க. ஆளுக்கு ஒரு அடையாள அட்டை இருக்கட்டும். ஆதார் நகல் கொடுக்கறதா இருந்தா, கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்துலயே எடுத்துக்கலாம். சீக்கிரம் வந்தா ரூம் கிடைக்குமான்னு முன்னாடியே கேளுங்க. வாளி, கப் சொல்லி வைங்க. ஃபிளாஸ்க்ல டிகாக்ஷன் கொடுத்து விடுங்க. தண்ணியும் வீட்டுல இருந்தே கொண்டு போங்க. ஓட்டல் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல விக்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு.

இன்னொண்ணு, விலையைப் பத்திப் பொய் சொல்லாதீங்க. புக்கிங்தான் அப்பா பேருக்கு மாறியிருந்ததே! கிளம்பற அன்னிக்கு கவுண்டர் பையன் பில்லை மரியாதையா அப்பா கையிலேயே கொடுத்துட்டான். அப்பா மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாங்க. ஸ்டேஷன் போற வரைக்கும் பேச்சு இல்லை. ரயில் ஏறறதுக்கு முன்னாடி மட்டும் சொன்னாங்க: "அடுத்த தடவை ஒரு ரூம் போதும்யா. எனக்கு மட்டும்."

சித்தப்பாகிட்ட அந்தத் தண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவங்களுக்கும் வயசு அறுபத்தெட்டு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவா, "அண்ணனுக்கும் அப்படித்தானா?"ன்னு கேட்டாங்க.