முற்றத்துக்குச் சீமெந்து போடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில் இப்ப புது வீடு கட்டுறதெண்டால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதலில் சுற்றி மதில். பிறகு பெரிய கேற். கடைசியாக, கேற்றில் இருந்து குசினிக் கதவு வரைக்கும் இன்ரலொக் கல். நிண்ட மாமரம் 'குப்பை கொட்டுது' எண்டு தறிபடும். அதற்குப் பதிலாக மதிலோரம் நாலு பூச்சாடி வரும். வாறவை போறவை எல்லாரும் 'வளவு இப்பதான் கிளீனா இருக்கு' எண்டு சொல்லுவினம்.

இதைத் துப்பரவு எண்டு சொல்லுறது பொய். உயிரோடு இருந்த வளவை நாங்களே காசு குடுத்து மூடுறம்.

முதலில் தண்ணியைப் பார்ப்பம். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும்தான் ஓடும். எங்கட கிணறுகளில் இருக்கிறது, பெரும்பாலும் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்யுற மழை மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லில் தங்கின தண்ணி. அந்த நல்ல தண்ணி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல்தான் நிக்குது. மேலே இருந்து இறங்குறது குறைஞ்சு, மோட்டர் போட்டு இறைக்கிறது கூடினால், கீழே இருந்து உவர் ஏறும். மணலில் இடைவெளி விட்டுப் பதிச்ச கல் எண்டால் கொஞ்சத் தண்ணி எண்டாலும் இறங்கும். ஆனால் கன இடங்களில் அடியில் கொங்கிரீற் போட்டு, இடுக்கையும் பூசிவிடுகினம். பெய்த மழை எல்லாம் கேற்றால் றோட்டுக்கு ஓடுது. பிறகு 'றோட்டெல்லாம் வெள்ளம், மாநகரசபை என்ன செய்யுது?' எண்டு பேஸ்புக்கில் நாங்களே போஸ்ட் போடுறம்.

சரி, தண்ணிக் கணக்கை விடுங்கோ. நான் சண்டை பிடிக்க வந்தது சந்தோசத்துக்காக.

குளிச்ச தண்ணி வாய்க்காலால் ஓடிக் கிணத்தடி வாழைக்குப் போறதைப் பார்க்கிற சந்தோசம். தானா முளைச்ச பூசணிக்கொடி இண்டைக்கு எவ்வளவு தூரம் போயிருக்கு எண்டு காலமை எழும்பிப் பார்க்கிற சந்தோசம். சின்னப் பிள்ளையள் குரும்பட்டியில் தேர் கட்டி இழுக்கிறது. பின்னேரம் மாமரத்துக்குக் கீழே கதிரையை இழுத்துப்போட்டு, அம்மம்மாவோடு பயித்தங்காய் முறிச்சபடி ஊர்க்கதை கேக்கிறது. ஒடியல் கூழ் காய்ச்சினால், முற்றத்தில் வட்டமாக இருந்து பிலாவிலை கோலிக் குடிக்கிறது. இதுகளுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் மண்ணும் நிழலும் வேணும். சித்திரை வெயிலில் கொதிக்கிற கல்லுக்கு மேல் ஆர் இருக்கப்போறியள்? எல்லாரும் உள்ளுக்குப் போவம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். 'இப்பத்தைப் பிள்ளையள் வீட்டில் ஒருத்தரோடையும் கதைக்கிறதில்லை' எண்டு குறை சொல்லுற பெரியாக்களே, நாங்கள் இருந்து கதைச்ச இடத்தை மூடினது ஆர்?

அரசாங்கத்துக்கும் இந்தச் சந்தோசம் விளங்காது. 2021 இல் திடீரென்று இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அடுத்த வருசம் டொலர் முடிஞ்சு போக, 2022 யூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்து, வீட்டில் பயிர் செய்யுங்கோ எண்டு சொன்னது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நிண்டு களைச்ச சனத்துக்குத் தோட்டம் ஒரு தண்டனை மாதிரி வந்து சேர்ந்தது. பஞ்சத்துக்கு மருந்து எண்டு மட்டும் சொல்லி ஒரு கத்தரிக் கண்டை வைச்சால், பஞ்சம் முடிய அதையும் பிடுங்கி எறிவம். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் எங்கட வீட்டுச் செலவை விட மலிவாக இருக்கலாம். இருந்திட்டுப் போகட்டும். நட்டதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதே எனக்குப் போதும்.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் கேப்பம். 'மண் முற்றத்தை நாள்தோறும் கூட்டுறது ஆர்? அம்மாவின்ர நாரிதானே முறியுது?' சரியான கேள்வி. ஆனால் அம்மாவில் இரக்கப்பட்டுக் கல் பதிக்கச் சொல்லுற பெடியளில் எத்தனை பேர் விளக்குமாற்றைத் தொட்டனீங்கள்? கல் பதிச்ச பிறகும் அதை அம்மாதான் தண்ணி ஊத்திக் கழுவுறா. அவவின்ர வேலையைக் குறைக்க வேணுமெண்டால் நாளைக்குக் காலமை நீங்கள் முற்றத்தைக் கூட்டுங்கோ. 'டெங்கு வரும்' எண்டும் சொல்லுகினம். டெங்கு நுளம்பு முட்டையிடுறது சிரட்டை, யோகட் கப், ரயர், பீலி, பூச்சாடித் தட்டு எண்டு தண்ணி தேங்குற இடங்களில். நீங்கள் மரத்தைத் தறிச்சுப்போட்டு வைச்ச பூச்சாடியும் அதில் அடக்கம்.

இன்னும் ஒண்டு இருக்கு. வலிகாமம் வடக்கில் இருந்து 1990 இல் எழும்பின சனங்களுக்கு இன்னும் எல்லாக் காணியும் திரும்பக் கிடைக்கேல்லை. 2017 இல் கேப்பாப்பிலவுச் சனங்கள், குழந்தையளோடு இராணுவ முகாமுக்கு முன்னால் றோட்டில் கிடந்து கேட்டதும் தங்கட வளவைத்தான். விடுபட்ட காணிக்குள் போன கன பேர், வீடு இருந்த தடமே இல்லாத இடத்தில், கிணற்றையும் மிஞ்சின மரங்களையும் வைச்சுத்தான் தங்கட எல்லையை அடையாளம் கண்டவை. அப்படிப்பட்ட ஊரில், கையில் இருக்கிற மண்ணை நாங்களே கல்லுக்குக் கீழே புதைக்கிறம். மரமில்லாமல் மூடின வளவில் எங்கட பிள்ளையளுக்கு அடையாளம் சொல்ல என்ன மிஞ்சும்?

மாரி தொடங்க முன்னம் வீட்டில் இந்தக் கதையை எடுங்கோ. கல் இன்னும் பதிக்கேல்லை எண்டால் மறியுங்கோ. பதிச்சாச்சு எண்டால் மதிலோரம் ஒரு வரிசையைக் கிளப்பி, ஒரு முருங்கைத் தடியை ஊண்டுங்கோ. அப்பா ஏசுவார். ஏசட்டும். முருங்கை இலைச் சுண்டல் சாப்பிடேக்க அவரும்தான் ரெண்டாம் தரம் கேப்பார்.